உடலுக்கு அளந்த எஃகு: கையால் செய்த சாலை மிதிவண்டியும் பினாங்கின் உப்புக் காற்றும்

டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை எஃகு பிரேமில் ஓட்டி வென்ற கடைசி வீரர் ஸ்பெயின் நாட்டு மிகேல் இந்துராயின். அது நடந்தது 1994இல். அதற்குப் பின் அலுமினியமும், சில ஆண்டுகளிலேயே கார்பன் ஃபைபரும் பந்தயச் சாலைகளைப் பிடித்துக்கொண்டன. வண்டிகள் இலேசாகிக்கொண்டே போனதால், 6.8 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள வண்டியைப் பந்தயத்தில் ஓட்டக் கூடாது என்று அனைத்துலகச் சைக்கிள் சம்மேளனம் 2000ஆம் ஆண்டில் வரம்பு கட்டியது. இருந்தும், பினாங்கில் ஞாயிற்றுக்கிழமை விடியலில் தஞ்சோங் பூங்கா வழியாகப் பத்து பெரிங்கியை நோக்கிப் போகும் சைக்கிளோட்டிகளைச் சற்று நின்று பார்த்தால், பருத்த கார்பன் பிரேம்களுக்கு நடுவே மெல்லிய உருண்டைக் குழாய்களால் ஆன வண்டி ஒன்றோ இரண்டோ கண்ணில் படும். அவற்றுள் சில தந்தையோ மாமாவோ விட்டுச்சென்ற பழைய வண்டிகள். வேறு சில, ஓட்டுபவரின் உடல் அளவுக்கென்றே அண்மையில் ஒருவர் தம் பட்டறையில் உட்கார்ந்து செய்து கொடுத்தவை. எட்டு ஆண்டுகளாக நான் ஓட்டுவது அந்த இரண்டாம் வகை.

இப்படிப்பட்ட பிரேம் ஒன்றின் விலைக்குக் கடையில் நல்ல வண்டி ஒன்றை முழுதாகவே வாங்கிவிடலாம் என்பதால், ஏன் என்ற கேள்வி எழுவது நியாயமே. அதற்கு எஃகு வண்டிக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் விடை, ‘எஃகு மெத்தென்று ஓடும்’ என்பது. அந்த விடை பெரும்பாலும் தவறு என்பது என் கருத்து. பணம் உண்மையில் வாங்கித் தருவது இரண்டு விஷயங்களை: ஓட்டுபவரின் உடலுக்கும் சாலைக்கும் ஒத்த அளவு, பிறகு அறுத்து மாற்றிப் பழுதுபார்க்கக்கூடிய ஒரு பொருள். இந்த இரண்டும் நிலைக்க வேண்டுமானால் மூன்றாவதாக ஒன்றையும் கவனிக்க வேண்டும். கடல் சூழ்ந்த ஈரமான தீவில் எஃகு துருப்பிடிக்கும்.

மெத்தென்ற ஓட்டத்தைப் பற்றிய நம்பிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். மலிவான எஃகு, விலையுயர்ந்த எஃகு என்று எத்தனை வகை இருந்தாலும், வளைவை எதிர்க்கும் விறைப்பு அவை எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றே. பொறியியலாளர் கணக்கில் அது சுமார் 200 ஜிகாபாஸ்கல். அலுமினியத்துக்கு அது 70 அளவில்தான் இருக்கிறது, ஆனால் அலுமினியத்தின் அடர்த்தியும் எஃகின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குதான். எஃகு வகைகளுக்குள் மாறுபடுவது வலிமை, அதாவது நிரந்தரமாக வளையவோ முறியவோ செய்யாமல் எவ்வளவு சுமை தாங்கும் என்பது. பர்மிங்காமைச் சேர்ந்த ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் கொண்டுவந்த 531 என்ற மாங்கனீசு-மாலிப்டினம் எஃகைவிட, அதே நிறுவனம் 1990களில் வெளியிட்ட 853 மிகவும் வலிமையானது. பற்றவைத்த இடம் காற்றில் ஆறும்போதே இறுகிக்கொள்ளும் தன்மையும் அதற்கு உண்டு. வலிமை கூடினால் குழாயின் சுவரை மெல்லியதாக்கலாம், எடை குறையும். அதனால் மட்டும் வண்டி விறைப்பாகவோ மென்மையாகவோ ஆகிவிடுவதில்லை.

விறைப்பைத் தீர்மானிப்பவை குழாயின் விட்டமும் சுவரின் தடிமனும். சுவர்த் தடிமன் மாறாமல் விட்டம் கூடினால், விறைப்பு விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் கூடும்; அதாவது விட்டம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். பழைய வண்டிகளில் கீழ்க்குழாயின் விட்டம் 28.6 மி.மீ.; பிற்காலத்தில் 31.8 மி.மீ. வழக்கத்துக்கு வந்தது. கேட்பதற்கு 3 மி.மீ. வேறுபாடுதான் என்றாலும், அதே சுவர்த் தடிமனில் விறைப்பு ஏறக்குறைய 37 விழுக்காடு கூடிவிடுகிறது. குழாயின் நுனிகளை உட்புறம் தடிப்பாக வைத்து நடுப்பகுதியை மெலிதாக்கும் நுட்பத்துக்கு ரெனால்ட்ஸ் குடும்பத்தார் 1897லேயே காப்புரிமை பெற்றனர். பற்றவைக்கும் வெப்பமும் ஓட்டத்தின் அழுத்தமும் விழுவது நுனிகளில்தான் என்பதே அதன் தருக்கம். நுனியில் 0.8, நடுவில் 0.5 என்பது பலகாலம் வழங்கிய அளவு. இத்தாலியின் கொலம்பஸ் நிறுவனத்தின் மிக இலேசான குழாய்களில் நடுப்பகுதி 0.38 மி.மீ. வரை இறங்கிவிடுகிறது. விரலால் அழுத்தினால் நெளிந்துவிடுமோ என்று அஞ்ச வைக்கும் மெல்லிமை அது.

1990களில் அமெரிக்கச் சைக்கிள் இதழ் ஒன்று, இத்தாலியக் கைவினைஞர் அன்டோனியோ மொண்டோனிகோவிடம் ஒரே அளவில் ஏழு பிரேம்களைச் செய்யச் சொல்லி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு கொலம்பஸ் குழாய்களைப் பயன்படுத்தி, எது எதுவென்று தெரியாமல் ஓட்டிப் பார்த்தது. மலிவான குழாயையும் உயர்ந்த குழாயையும் நம்பத்தகுந்த வகையில் பிரித்தறிய முடியவில்லை. இதில் வியப்பில்லை. முக்கோணங்களால் ஆன பிரேம் செங்குத்துத் திசையில் வளைவது மிகச் சொற்பம். காற்றடைத்த டயரோ மேட்டில் ஏறும்போது பல மில்லிமீட்டர் அமுங்கிக்கொடுக்கிறது. பாயான் லெப்பாஸ் சாலையின் ஒட்டுப் போட்ட தாரில் முதுகைக் காப்பது டயரின் அகலமும் அதிலுள்ள காற்றின் அளவுமே. 23 மி.மீ. டயரிலிருந்து 32 மி.மீ. டயருக்கு மாறுபவர் உணரும் வேறுபாட்டை எந்தக் குழாயும் தராது. ஆனால் அகலமான டயர் நுழைய வேண்டுமானால் பிரேமில் இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தைக் கேட்டு வாங்க முடிவதில்தான் செய்வித்த வண்டியின் முதல் நன்மை தொடங்குகிறது.

எடையைப் பற்றியும் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். பெல்ஜியப் பந்தய வீரர் எட்டி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டிச் சாதனை படைத்தது 6 கிலோவுக்கும் குறைந்த எஃகு வண்டியில் என்றாலும், அது ஒரு நாளைய வேலைக்காகச் செதுக்கிய வண்டி. அன்றாடம் ஓட்டும் எஃகு பிரேம் மட்டும் ஏறக்குறைய 1.7 முதல் 2 கிலோ வரை இருக்கும். நல்ல கார்பன் பிரேம் அதில் பாதி. ஆக, வேறுபாடு ஒரு கிலோ. ஓட்டுபவரும் வண்டியும் தண்ணீர்ப் புட்டியும் சேர்ந்து 77 கிலோ என்று கொண்டால், 15 நிமிடம் பிடிக்கும் ஏற்றத்தில் அந்த ஒரு கிலோ கேட்பது சுமார் 12 விநாடி. பந்தயக்காரருக்கு 12 விநாடி பெரிது. தீவைச் சுற்றிவந்து தோசை சாப்பிடும் எனக்கு அது பொருட்டில்லை.

அளவுதான் இந்த விஷயத்தின் மையம் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் உயரம் 1.63 மீட்டர். எங்கள் குடும்பத்திலும் சுற்றத்திலும் இது அதிசயமான உயரம் அல்ல, ஆனால் பெரிய நிறுவனங்களின் சாலை வண்டிகளில் இந்த உயரத்துக்குக் கிடைப்பது பட்டியலின் கடைசி ஒன்று இரண்டு அளவுகள். நடுத்தர அளவு பிரேமில் முகக்குழாய், அதாவது முன் ஃபோர்க்கின் தண்டு நுழையும் குழாய், தரையோடு 73 பாகைச் சாய்வில் இருக்கும். சக்கரம் எல்லா அளவுக்கும் 700சி என்ற ஒரே விட்டத்தில் வருவதால், பிரேமைச் சிறிதாக்கும்போது மிதிக்கும் பாதத்தின் நுனி முன் சக்கரத்தில் உரசும் அபாயம் வந்துவிடுகிறது. அதைத் தவிர்க்க நிறுவனங்கள் சிறிய அளவுகளில் முகக்குழாயை 71 பாகை வரை சாய்த்துச் சக்கரத்தை முன்னே தள்ளுகின்றன; கூடவே சீட் குழாயைச் செங்குத்தாக்கி, மேல்குழாய் குட்டையாக இருப்பதுபோல் காட்டுகின்றன.

இதனால் விளைவது என்ன? ஃபோர்க்கின் வளைவு, அதாவது சக்கரத்தின் அச்சு திருப்பு அச்சுக்கு முன்னே தள்ளி நிற்கும் தூரம், 45 மி.மீ., டயர் 28 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 73 பாகைச் சாய்வில் முன் சக்கரம் தரையைத் தொடும் புள்ளி திருப்பு அச்சுக்கு 57 மி.மீ. பின்னால் விழுகிறது. 71 பாகையில் அதே தூரம் 69 மி.மீ. ஆகிவிடுகிறது. இந்தத் தூரம் கூடினால் வண்டி நேர்ப்பாதையில் உறுதியாகப் போகும். மெதுவாக ஏறும்போதும் இறுக்கமான வளைவிலும் ஹேண்டில்பாரைத் திருப்பப் பிடிவாதம் காட்டும். தெலுக் பாஹாங் அணையைத் தாண்டி தித்தி கெராவாங் பக்கம் ஏறி, பாலிக் புலாவ் நோக்கி இறங்கும் சாலையை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். டுரியான் தோட்டங்களின் நிழலில் ஈரம் காயாத கொண்டை ஊசி வளைவுகள் அவை. பழக்காலத்தில் சாலையோரம் கார்கள் அடைத்து நிற்கும். அங்கே வண்டி சொன்னபடி கேட்க வேண்டும்.

சீட் குழாயின் கணக்கு இதைவிட நுட்பமாக ஏமாற்றும். காலின் உள்நீளத்தை 0.883ஆல் பெருக்கினால் மிதி அச்சிலிருந்து சீட்டின் உயரம் கிடைக்கும் என்பது அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமோண்டின் பெயரால் பரவிய பழைய வாய்பாடு; 75 செ.மீ. உள்நீளமுள்ள எனக்கு அது 66 செ.மீ. அந்த உயரத்தில் சீட் குழாய் ஒரு பாகை செங்குத்தானால் சீட் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே முன்னே போய்விடும். ஓட்டுபவரோ முழங்காலின் நிலைக்காகச் சீட்டைத் திரும்பவும் பின்னே தள்ளுவார். தள்ளியதும், விவரப் பட்டியலில் குட்டையாகத் தெரிந்த மேல்குழாய் உண்மையில் குட்டையாக இல்லை என்பது கைகளுக்குத் தெரியும். முதல் பதினைந்து ஆண்டுகள் நான் ஓட்டிய மூன்று வண்டிகளிலும் உள்ளங்கை மரத்துப்போனதற்கு என் உடல்வாகே காரணம் என்று எண்ணியிருந்தேன். காரணம் இந்தக் கணக்கு.

பிரேம் செய்பவரிடம் அளவு கொடுத்தபோது அவர் முதலில் சொன்னது சக்கரத்தை மாற்றுவோம் என்பதுதான். 650பி எனப்படும் சக்கரத்தின் வளைய விட்டம் 584 மி.மீ.; 700சி சக்கரத்துக்கு அது 622 மி.மீ. 650பி சக்கரத்தில் 32 மி.மீ. டயரைப் போட்டாலும், 28 மி.மீ. டயர் போட்ட 700சி சக்கரத்தைவிட ஆரம் 15 மி.மீ. குறைவாகவே இருக்கிறது. பாதம் உரசாது. முகக்குழாயை 72 பாகையில் நிறுத்தலாம். தரையைத் தொடும் புள்ளியின் பின்தூரமும் 58 மி.மீ. என்று, நடுத்தர உயரக்காரரின் வண்டிக்கு ஏறத்தாழ நிகராக அமைந்துவிடும். ஒரு சக்கரத்தை மாற்றியதில் மூன்று முடிச்சுகள் அவிழ்ந்தன. இதற்கு ஒரு விலையும் உண்டு: அந்த அளவில் நல்ல சாலை டயர் பினாங்குக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை, நான் எப்போதும் இரண்டு டயர்களை வீட்டில் வைத்திருக்கிறேன்.

அளவு நாடா சொல்வது பாதிதான். கால், கை, உடற்பகுதி, தோளின் அகலம் ஆகியவற்றோடு, இப்போது ஓட்டும் வண்டியின் அளவுகள், அதில் எங்கே வலிக்கிறது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுகிறோம், எந்தச் சாலையில் ஓட்டுகிறோம், எடை எவ்வளவு என்பதையெல்லாம் நல்ல கைவினைஞர் கேட்பார். எடைக்கு ஏற்ப அவர் குழாயைத் தேர்ந்தெடுக்கிறார். தொழிற்சாலை பிரேம் ஒவ்வோர் அளவிலும் வரக்கூடிய மிகக் கனமான ஓட்டுநரையும் தாங்கும்படி செய்யப்பட வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் அந்தப் பாதுகாப்பு விறைப்பைத் தேவையில்லாமல் சுமந்து திரிகிறார். எஃகின் ‘மென்மை’ என்று பலர் உணர்ந்து சொல்வதில் ஏதேனும் உண்மை இருந்தால், அது தம் எடைக்குத் தகுந்த குழாயில் முதன்முறையாக உட்கார்ந்த அனுபவமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

பந்தய உலகம் இதை நன்கு அறிந்திருந்தது. எஃகுக் காலத்தில் முன்னணி வீரர்கள் பலர், விளம்பரதாரரின் பெயர் எழுதிய வண்டியை ஓட்டினாலும், பிரேமைத் தாம் நம்பிய கைவினைஞரிடம் தம் அளவுக்குச் செய்வித்துக்கொண்டார்கள். 2018இல் மறைந்த இத்தாலியின் டாரியோ பெகொரெத்தி அப்படிப் பெயர் தெரியாமல் பலருக்குச் செய்து கொடுத்தவர். ஜப்பானில் 1948இல் தொடங்கிய கெய்ரின் என்ற, பார்வையாளர் பணம் கட்டிச் சூதாடும் சைக்கிள் பந்தயத்தில், சூதாட்டம் நியாயமாக நடக்க வேண்டும் என்பதற்காக, அங்கீகாரம் பெற்ற பட்டறைகளின் எஃகு பிரேம்களையே ஓட்ட வேண்டும் என்ற விதி வேரூன்றிவிட்டது. 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை உலக விரைவோட்டப் பட்டம் வென்ற கொயிச்சி நகானோ ஓட்டியது நாகசாவா என்ற ஒரே பட்டறையின் பிரேம்களை. நம் மலேசிய வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங் 2017இல் கெய்ரின் உலகப் பட்டம் வென்றபோது அனைத்துலகக் களத்தில் எஃகு மறைந்துவிட்டது; ஆனால் அவர் புகழ் பெற்ற அந்தப் போட்டியின் தாய்வீட்டில் எஃகைப் பற்றவைக்கும் அடுப்பு இன்றும் அணையவில்லை.

பற்றவைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், பினாங்குத் தெருவின் நகைக்கடைகளுக்குப் பின்னால் பத்தர்கள் வேலை செய்வதைச் சிறுவயதில் பார்த்தவர்களுக்கு இந்தத் தொழில் அந்நியமாகத் தோன்றாது. பொன்னை உருக்காமல், அதைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் பற்றாசை இடுக்கில் ஓடவிட்டு இரண்டு துண்டுகளை ஒன்றாக்குகிறார் பத்தர். எஃகுக் குழாய்களையும் இப்படித்தான் இணைக்கிறார்கள். லக் எனப்படும் எஃகு உறைகளுக்குள் குழாய்களைச் செருகி, வெள்ளி கலந்த பற்றாசை 650 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் ஓடவிடுவது ஒரு முறை. உறை இல்லாமல், ஏறத்தாழ 900 பாகையில் பித்தளையைக் குழாய்களின் சந்தியில் தடவி, பின்பு அரத்தால் ராவி வழவழப்பாக்குவது இன்னொரு முறை. டிக் வெல்டிங் என்ற மூன்றாம் முறையில் எஃகே உருகி இணைகிறது. வேகமானது, இலேசானது, வலிமையில் குறைந்ததும் அல்ல. லக்கின் கூரிய நுனிகளை அழகுக்காக விரும்புகிறவர்களுண்டு, நானும் ஒருவன். ஆனால் லக் பிரேமில் கோணங்கள் வார்ப்பு உறைகளுக்கு அடங்கி நடக்க வேண்டும். என்னைப் போல் அளவில் சிக்கல் உள்ளவருக்கு மற்ற இரண்டும் அதிகச் சுதந்திரம் தருகின்றன என்பதால், என் பிரேம் பித்தளையில் பற்றவைக்கப்பட்டது.

இந்த ஊரில் இந்த வண்டியை வைத்திருப்பவர் உண்மையில் போராட வேண்டியது துருவோடு. பினாங்கில் விடியற்காலைக் காற்று ஈரத்தில் தோய்ந்திருக்கும். பத்து பெரிங்கிச் சாலை நெடுகக் கடல் பக்கத்திலேயே கிடக்கிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழைக்கு நேரம் காலம் கிடையாது. இவற்றோடு நம் உடலும் உப்பைச் சொட்டுகிறது. பெயிண்டின் மேல் தெரியும் துரு பெரிய ஆபத்தல்ல. உரசிப் பூச்சு வைத்துவிடலாம். ஆபத்து குழாய்க்குள் இருக்கிறது. சீட் தண்டு நுழையும் பிளவின் வழியாகவும், தண்ணீர்ப் புட்டி திருகுகளின் துளைகள் வழியாகவும் மழைநீர் உள்ளே போகிறது. பின் சக்கரம் தெளிக்கும் தண்ணீர் நேராகச் சீட் குழாயின் முதுகில் அடிக்கிறது. போன தண்ணீர் அனைத்தும் இறங்கித் தங்குவது, பெடல் அச்சு சுழலும் கீழ்ப் பெட்டியில். அங்கே அடியில் ஒரு வடிகால் துளை இல்லையென்றால் மழைக்காலம் முழுவதும் அந்தப் பெட்டி ஒரு சிறிய கிணறுதான்.

எனவே பிரேம் வந்த அன்றே, ஒரு பாகத்தையும் பூட்டுமுன், குழாய்களுக்குள் துருத் தடுப்பு மெழுகைத் தெளிக்க வேண்டும். இதற்கென்றே விற்கும் திரவங்கள் உண்டு. கார்களின் அடிப்பாகத்துக்குள் அடிக்கும் மெழுகும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் இந்த வேலையைச் செய்யும். பிரேமை எல்லாப் பக்கமும் புரட்டிப் புரட்டி எங்கும் படிய விட்டு, ஓரிரு நாள் உலர்த்த வேண்டும். வெப்பநாட்டில் இந்தப் படலம் மெல்ல இறங்கிவிடுவதால், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நான் இதைத் திரும்பச் செய்கிறேன். மழையில் நனைந்து வந்த நாளில் சீட் தண்டைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாக ஓர் இரவு நிறுத்திவிடுவது போதும். அலுமினியச் சீட் தண்டு எஃகுக் குழாய்க்குள் கிரீஸ் இல்லாமல் பல மாதம் கிடந்தால், உப்புத் தண்ணீர் இரண்டு உலோகங்களுக்கும் இடையில் சிறு மின்கலத்தைப் போல் வேலை செய்து, அலுமினியம் அரித்து இறுகிவிடும். அப்படிப் பிடித்துக்கொண்ட தண்டை எடுக்க முடியாமல் அறுத்தெடுத்த பிரேம்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் காரணத்தாலேயே மிக இலேசான குழாய்களை இங்குள்ளவர்கள் கேட்க வேண்டாம் என்பேன். 0.38 மி.மீ. சுவரில் துரு ஒரு பத்தில் ஒரு மில்லிமீட்டர் தின்றால் கால் பங்கு போய்விடும், 0.5 மி.மீ. சுவரில் அது ஐந்தில் ஒரு பங்கு. பட்டர்வொர்த் போகும் ஃபெரிப் படகில் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே வண்டியைச் சாய்த்து நிறுத்தும்போது குழாய் சொட்டை விழுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். துருவேறாத எஃகும் உண்டு: ரெனால்ட்ஸ் 953, கொலம்பஸ் எக்ஸ்சிஆர் போன்றவை. விலையும் கூலியும் கடுமையாக ஏறும். நூறு கிராம் எடையை ஏற்றுக்கொண்டு சாதாரண எஃகைப் பேணுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இனி, பழுது. எங்கள் தாத்தா காலத்துப் பால்காரரும் ரொட்டிக்காரரும் மிதித்த கனத்த வண்டிகள் ஒவ்வொன்றும் எஃகே. உடைந்த இடத்தில் ஒட்டுப்போட்டு இன்னும் பத்தாண்டு ஓட்டினார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மிதிவண்டிகளில் மலாயாவின் வழியே தெற்கே விரைந்தபோது, ஜப்பானியச் சைக்கிள்கள் ஏற்கெனவே இங்கே விற்பனையில் இருந்ததால் உதிரிப்பாகங்களுக்கு அவர்கள் அலைய வேண்டியிருக்கவில்லை. பழக்கமான பொருள், பழக்கமான கைவேலை என்பவை ஒரு வண்டியின் ஆயுளை எவ்வளவு தீர்மானிக்கின்றன என்பதற்கு அது ஒரு கசப்பான சான்று.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஜெலுத்தோங் சாலையில் குறுக்குச் சந்திலிருந்து ஒரு கார் பார்க்காமல் வெளியே வந்தது. என் தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டது. ஃபோர்க் பின்னோக்கி மடங்கியது. முகக்குழாய்க்குப் பின்னால் மேல்குழாயும் கீழ்க்குழாயும் சுருங்கி மடிந்தன. கடை ஒன்றில் காட்டியபோது, பிரேம் தீர்ந்தது, இனிச் சுவரில் மாட்டலாம் என்றார்கள். அடிபட்ட பிரேமின் படங்களை, அதைச் செய்தவருக்கு அனுப்பினேன். பிரேமை அனுப்பச் சொன்னார். இரண்டு குழாய்களையும் அறுத்தெடுத்து, பித்தளையை உருக்கி மிச்சத்தை நீக்கி, அதே அளவில் புதிய குழாய்களைப் பற்றவைத்து, புது ஃபோர்க் செய்து, புதிதாகப் பெயிண்ட் அடித்துத் திருப்பி அனுப்பினார். அனுப்பும் செலவு உட்படப் புதிய பிரேமின் விலையில் மூன்றில் ஒரு பங்கு ஆயிற்று. கார்பன் பிரேமையும் தேர்ந்தவர்கள் பழுதுபார்க்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் உள்ளே எங்கே பிளந்திருக்கிறது என்று அங்கே தேட வேண்டியிருக்கிறது. எஃகோ அடிபட்ட இடத்தைப் பெரும்பாலும் வளைந்தும் சுருங்கியும் காட்டிவிடுகிறது. என் அளவுகளும் கோணங்களும் அவருடைய கோப்பில் இருந்தன என்பதும் முக்கியம். பணம் கொடுத்து நான் வாங்கியதில் அந்தக் கோப்பும் அடங்கியிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜன்னல் கிரில் அடிக்கும் பட்டறையில் எஃகு எஃகுதானே என்று கொடுத்துவிடக் கூடாது. தடித்த இரும்புக்கான வெல்டிங் மெஷின் அரை மில்லிமீட்டர் சுவரை நொடியில் ஓட்டையாக்கிவிடும். ஓட்டை விழாவிட்டாலும், அளவுக்கு மீறிய சூடு பட்ட இடம் பிறகு அங்கேயே விரியும். மெல்லிய குழாயில் பழகிய கை வேண்டும். அத்தகைய கை அருகில் இல்லை என்பது பினாங்கில் இந்த வண்டியை வைத்திருப்பதன் உண்மையான குறை. சிறிய திருத்தங்கள் வேறு. கியர் மாற்றி தொங்கும் கொக்கி வளைந்தால் எஃகில் அதை நிமிர்த்தலாம். 126 மி.மீ. இடைவெளி கொண்ட பழைய பின்கவையை 130 மி.மீ.க்கு மெல்ல விரித்து இக்காலச் சக்கரத்தைப் பூட்டலாம். இவற்றை ஜார்ஜ்டவுனின் பழைய சைக்கிள் கடைக்காரர்கள் கண்ணளவிலேயே செய்துவிடுவார்கள்.

காத்திருப்பும் விலையின் ஒரு பகுதி. எனக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. பெயர்பெற்ற சிலரிடம் அது பல ஆண்டுகள். ஜப்பானில் பானாசோனிக் 1987இல் வாடிக்கையாளரின் அளவுக்கே தொழிற்சாலையில் பிரேம் செய்து, இரண்டு வாரத்தில் தரும் ஏற்பாட்டைத் தொடங்கியது. சில மணி நேரத்தில் முடிக்கக்கூடிய வேலையை, எதிர்பார்ப்பின் இன்பத்துக்காகவே இரண்டு வாரமாக வைத்திருந்தார்கள் என்று அதைப் பற்றிச் சொல்வதுண்டு. பதினான்கு மாதத்தில் இன்பம் எப்போதோ வடிந்துவிடும். எழுத்தில் உறுதியான விவரமும், முன்பணத்துக்கு ரசீதும், பிரேமின் முழு அளவுப்படமும் கையில் இருப்பது நல்லது.

எல்லோருக்கும் இது தேவை என்று சொல்ல மாட்டேன். நடுத்தர உயரமும் வழக்கமான உடல்வாகும் உள்ளவருக்குக் கடை வண்டியே பொருந்திவிடும். அவர் செய்வித்தால் பெறுவது பெயிண்ட் நிறமும் நிறைவும்தான். புதிதாக ஓட்டத் தொடங்கியவர் இரண்டு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும், ஏனெனில் முதுகும் இடுப்பும் பழகப் பழக உட்காரும் நிலை மாறிக்கொண்டே இருக்கும். இன்று அளந்த அளவு அடுத்த ஆண்டு பொய்யாகிவிடும். பந்தயம் ஓட்டுகிறவருக்குக் கார்பனே பொருத்தம். உயரத்தின் இரு கோடிகளில் இருப்பவர்கள், கால் நீண்டு உடல் குட்டையானவர்கள், பழைய காயத்தோடு ஓட்டுகிறவர்கள், ஒரே வண்டியை இருபது ஆண்டு வைத்திருக்க எண்ணுகிறவர்கள் ஆகியோருக்குத்தான் இந்தச் செலவு நியாயமாகிறது. இவர்களில் பெண்கள் அதிகம் இருப்பார்கள் என்பது என் எண்ணம். சிறிய பிரேமின் சிக்கல்களை முழுதாகச் சுமப்பவர்கள் அவர்கள்தான்.

செய்யக் கொடுப்பவர் பினாங்கைப் பற்றி அறியாத தூரத்து ஊர்க்காரரிடம் எழுதிக்கேட்க வேண்டியவை சில: கீழ்ப் பெட்டிக்கு அடியில் வடிகால் துளை, அழுத்திப் பொருத்தும் வகைக்குப் பதிலாக, எங்கும் உதிரி கிடைக்கும் பழைய திருகுமறைப் பெட்டி, மட்கார்டு பூட்டினாலும் 32 மி.மீ. டயர் நுழையும் இடைவெளி. பெயிண்டுக்கு அடியில் துருத் தடுப்புப் பூச்சு. சீட் தண்டின் பிளவை முன்பக்கம் வைக்கச் சொல்வதும் பயன் தரும், பின் சக்கரத்தின் தண்ணீர் நேரே அதில் அடிக்காது. இந்தக் கடைசி ஒன்றை நான் கேட்கத் தவறிவிட்டேன். பழைய ட்யூபில் ஒரு துண்டை வெட்டிப் பிளவின் மேல் மாட்டியிருக்கிறேன்.

சென்ற தைப்பூசத்துக்கு மறுநாள், தண்ணீர்மலைச் சாலையெல்லாம் உடைத்த தேங்காய் ஓடு கிடந்ததால் ஓட்டப் போகாமல், வண்டி முழுவதையும் பிரித்தேன். கீழ்ப் பெட்டியின் அச்சைக் கழற்றி, சீட் குழாய்க்குள் டார்ச் விளக்கை இறக்கிப் பார்த்தேன். மாற்றிய இரண்டு குழாய்களிலும் மெழுகுப் படலம் தேன் நிறத்தில் அப்படியே இருந்தது. சீட் குழாயில், புட்டித் திருகின் துளையைச் சுற்றி ஐந்து சென் காசு அளவுக்குப் பழுப்பு படிந்திருந்தது. நீண்ட கம்பியில் துணியைச் சுற்றித் தேய்த்ததில் பெரும்பகுதி வந்துவிட்டது. மெழுகு அடித்துத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறேன். மழைக்காலத்துக்கு முன் மறுபடியும் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.